எட்டு அங்குலம்

படகு வாங்கப் போவதற்கு முன்னால் பெரியவர் தம் வீட்டுக் கார் ஷெட்டை மூன்று முறை அளந்தார். முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் இருந்தவர். அடுத்தவர் பிடித்த டேப்பை நம்பிப் பழக்கமில்லை. பின்சுவரிலிருந்து ஷட்டர் வரை பதினேழு அடி நான்கு அங்குலம். அகலம் ஒன்பதடி, அதில் ஒன்றரை அடியைப் பக்கவாட்டு அலமாரி தின்றுவிட்டது. தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

படகு ஆசைக்காக அல்ல. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவருடைய ஒரே மகன் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனான். தேடிக்கொண்டு போன பெரியவர், ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஏரியின் வடகரையில் ஒரு கல்லின்மேல் அவனுடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கண்டார். அவை ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வெகுநேரம் தண்ணீரைப் பார்த்து நின்றார். பிறகு அவற்றை எடுத்து வந்து, செய்தித்தாளில் சுற்றி, கார் ஷெட் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கேட்டவர்களிடம், பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்றார். போலீசுக்குப் போகவில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவன் பிறந்த வீடு என்று யாரும் கைநீட்டிச் சொல்லக் கூடாது. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று நினைப்பது குற்றமில்லை. அப்படி நினைத்துத்தான் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தலை நிமிர்ந்து நடந்தது.

மருமகள் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் மாதம் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"மாமா, என்கிட்ட யாராவது 'உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்'னு கேட்டா நல்லா இருக்கார்னு சொல்றேன். இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லணும்?"

இந்த மாதம் முடிவதற்குள் ஏரியில் அவரைத் தேடிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நானே போலீஸ் ஸ்டேஷன் படியேறுவேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, வெளியாள் வேண்டாம், நானே தேடுகிறேன் என்றார். அப்படித்தான் படகு என்ற பேச்சு வந்தது. வாங்கினால் ஷெட்டுக்குள் போய் ஷட்டர் மூடவேண்டும். தெருவுக்குத் தெரிந்தால் படகு எதற்கு என்ற கேள்வி வரும்.

கடையில் முதலில் காற்றடிக்கும் ரப்பர் படகைக் காட்டினார்கள். ஷெட்டே வேண்டாம், போர்வை மாதிரி மடித்து பீரோவில் வைத்துவிடலாம் என்று கடைக்காரர் சிரித்தார்.

"ஊதிப் பெரிசாக்கற எதையும் நான் நம்பறதில்ல" என்றார் பெரியவர்.

அடுத்தது ஃபைபர் படகு. கனம் அதிகம், மருமகளும் அவருமாகத் தண்ணீரில் தள்ள முடியாது. கடைசியில் துடுப்பு போடும் அலுமினியப் படகு ஒன்றில் கண் நின்றது. டிரெய்லரின்மேல் ஏற்றியே வைத்திருந்தார்கள். பெரியவர் தம் டேப்பை எடுத்து மூக்கிலிருந்து வால் வரை பிடித்தார். சரியாகப் பதினாலு அடி. மூன்றடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று டேப்பைச் சுருட்டினார்.

"ஐயா, நீங்க படகை மட்டும் அளந்திருக்கீங்க" என்றார் கடைக்காரர். "டிரெய்லர்ல கார்ல மாட்டற கம்பி முன்னால நீட்டிட்டு இருக்கு பாருங்க. உங்க ஷெட்டுக்கு மடக்கற கம்பி வெச்சதுதான் சரி. மூணு வாரத்துல வந்துடும்."

மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஊரின் பாதி எல்லைக் கற்களை அளந்து நட்ட தமக்கு ஒரு கடைக்காரன் அளவு சொல்லிக் கொடுப்பதா என்று அவருக்கு முகம் சிவந்தது. டேப்பை மறுபடி விரித்தால் அவன் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கம்பியைக் கண்ணால் பார்த்தார். மூன்றடி என்று முடிவு செய்தார். வாழ்நாளில் அவர் கண்ணால் அளந்தது அந்த ஒருமுறைதான்.

கூடவே நான்கு கொக்கி வைத்த நங்கூரமும் நீளமான கயிறும் கேட்டார். மீன் பிடிக்க இவ்வளவு கயிறு எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அளந்து வெட்டினார்.

மத்தியானம் தெரு அடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் காரின் பின்னால் மாட்டி ஓட்டிவந்தார். ஆனால் டிரெய்லரைப் பின்னால் தள்ளி ஷெட்டுக்குள் விடுவது அவர் நினைத்தது போலில்லை. வலதுபக்கம் ஒடித்தால் அது இடதுபக்கம் போனது. மூன்றாவது முறை தெருவுக்குக் குறுக்கே நின்றுவிட்டது; பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இறங்குங்க சார். இது என் வீட்டுக்காரி மாதிரி. நாம சொன்னதுக்கு எதிர்ப்பக்கம்தான் போகும்."

ஒரே மூச்சில் உள்ளே விட்டார். காரைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். இரண்டு பேருமாகப் படகின் வால் பின்சுவரில் முட்டும்வரை டிரெய்லரைத் தள்ளினார்கள். பெரியவர் ஷட்டரை இழுத்தார். அது பாதி இறங்கி, நீட்டிக்கொண்டிருந்த கம்பியின்மேல் 'டங்' என்று உட்கார்ந்தது. கோணலாகத் திருப்பிப் பார்த்தார்கள், அலமாரி இடித்தது. மறுபடி இழுத்தார். மறுபடி அதே சத்தம்.

அப்போதுதான் டேப்பை எடுத்தார். எட்டு அங்குலம் வெளியே.

சத்தம் கேட்டு மருமகள் வாசலுக்கு வந்தாள். பெரியவர் அலமாரியில் இரும்பு அறுக்கும் ரம்பத்தைத் தேடினார். கம்பியை அறுத்தால் ஷட்டர் மூடும். படகு ஒருநாளும் ஏரிக்குப் போகாது. அது தெரிந்தேதான் தேடினார். தேடின கைபட்டு மேல்தட்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. செய்தித்தாள் கிழிந்து ஒற்றைச் செருப்பு வெளியே வந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் அதைப் பார்த்தார். படகிலிருந்த கொக்கியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், படகு வேண்டாம்" என்றார்.

பெரியவர் திரும்பவில்லை.

"அன்னிக்கு வடகரைல காலைல நான் பையனுங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்துட்டு இருந்தேன். நீங்க அந்தச் செருப்பைக் கையில எடுத்துட்டுப் போனதைப் பாத்தேன். சாயங்காலம் வந்து கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க வெளிநாடுன்னு சொல்லிட்டீங்க. தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும் சார். கேட்டா உங்களுக்கு அசிங்கம்னு யாரும் கேக்கல."

மருமகள் ஷட்டரின் கீழே குனிந்து உள்ளே வந்தாள். "ஏன் அண்ணே படகு வேண்டாங்கறீங்க?"

அவர் பெரியவரைப் பார்த்தார்; பதில் சொல்ல அவருடைய அனுமதி வேண்டும் என்பது போல நின்றார். பெரியவர் அலமாரியிலிருந்து கையை எடுத்தார்.

"அதுக்கு நாலாம் நாள் மதகுப் பக்கம் ஒரு உடம்பு ஒதுங்குச்சும்மா. காணோம்னு யாரும் எழுதிக் குடுக்கலைன்னு பத்து நாள் வெச்சுப் பாத்துட்டு, முனிசிபாலிட்டி ஆளுங்களே புதைச்சுட்டாங்க. போய் அடையாளம் சொல்லலாம்னு கிளம்பினேன். பாதி வழியில திரும்பிட்டேன். சார் வாயால உயிரோட இருக்கான்னு சொல்றப்ப, நான் எப்படிப் போய் செத்துட்டான்னு சொல்றது?"

அவள் அழவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். சுடுகாட்டின் பின்சுவர் ஓரம், பேர் கிடையாது, நம்பர் எழுதின கல் இருக்கும் என்றார். முதலில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால்தான் நம்பரைச் சொல்வார்கள் என்றார்.

"வாங்கண்ணே" என்று அவள் முன்னால் நடந்தாள். மாமாவைக் கூப்பிடவில்லை.

பெரியவர் ஷட்டரை ஒருமுறை பலம் கொண்டமட்டும் இழுத்தார். அது கம்பியின்மேல் உட்கார்ந்தது. தெருவில் நான்கு வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. அவர் குனிந்து செருப்பிரண்டையும் கடிகாரத்தையும் எடுத்தார். கிழிந்த செய்தித்தாளைத் தரையிலேயே விட்டுவிட்டு, கையில் பிடித்தது எல்லோருக்கும் தெரியும்படி மருமகளுக்குப் பத்தடி பின்னால் நடந்தார்.