பதினேழாவது வரி

வண்டிச் சாவிகள் என் பொறுப்பில் இருந்தன. வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் பதினொரு வேன்கள், பதினொரு சாவிகள், எல்லாம் ஒரே வளையத்தில், என் இடுப்பில். காலை ஆறரைக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பேன், மாலையில் ஒவ்வொன்றாக வாங்குவேன். நடுவில் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பதிவேட்டில் எழுதுவேன். ஒன்பது வருஷம் இப்படி. வேறு வேலை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

இந்த வேலையைக் காப்பாற்றத்தான் திவால் மனு போட்டேன்.

கடன் காகிதத்தில் மட்டும்தான் என்னுடையது. என் மனைவியின் தம்பி போலீஸ்காரன். போலீஸ்காரன் வெளியே தொழில் நடத்தக்கூடாது. அவனுக்கோ ஜிம் வைக்க ஆசை. அதனால் கடன் என் பெயரில், ஜிம் அவன் கையில். ஒன்றரை வருஷத்தில் அங்கே இருந்த இரும்பெல்லாம் எடைக்குப் போனது. கடன் அப்படியே இருந்தது.

வசூல்காரர்கள் முதலில் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டைக் காலி செய்து இரண்டு அறை மாடி ஒன்றுக்கு மாறினோம். பிறகு கேட்டுக்கு வந்தார்கள். பண வேன்கள் நிற்கிற இடத்தில், பைக்கில் வந்த இரண்டு பேர் காவலாளியின் அம்மாவை இழுத்துத் திட்டுவதை நிர்வாகம் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மர ஸ்கேலோடு வந்து, பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக் கையெழுத்திடுவார்.

"இன்னொரு தடவ அந்தப் பசங்க கேட்டுக்கு வந்தா மேல எழுதிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான், மனைவி, அவள் தம்பி மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம். புது வீட்டில் உட்கார வேறு இடம் இல்லை.

"நான் ஒத்துக்கிட்டா வீட்டுக்கு அனுப்பிருவாங்க மாமா" என்றான் அவன். "வெளித்தொழில் ஒரு குத்தம், கடன் இன்னொரு குத்தம். எங்களுக்கு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கணும், கடன் இல்லன்னு. கடன்ல கெடக்குற போலீஸ்காரன் கை நீட்டுவான்னு அவங்க நெனப்பு."

"இப்ப நீட்டுறதில்லையா?" என்றாள் அவன் அக்கா.

"நேரங்காலம் தெரியாம பேசாதக்கா."

"சரி, என்னதான்டா பண்ணச் சொல்ற?"

"மாமா திவால் மனு போடட்டும். போட்டாச்சுன்னா வசூல்காரன் ஒருத்தன் கிட்ட வர முடியாது. எல்லாத்தையும் கோர்ட்டு பாத்துக்கும். மாமாவோடது பிரைவேட் வேலைதான. அங்க யாரு கேக்கப் போறா?"

அதை அவன் மட்டமாகச் சொல்லவில்லை. மூன்று பேருமே அப்படித்தான் நம்பினோம். போலீஸுக்கு விதி உண்டு, மானம் உண்டு. கேட்டில் நிற்பவனுக்குத் தொப்பி உண்டு.

மனு எழுதிய வக்கீல், கடிதம் தவறாமல் கிடைக்கிற விலாசமாக ஒன்று கேட்டார். புது வீட்டின் தபால் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, மூடி இல்லாமல் தொங்குகிறது. நான் கேட் விலாசத்தைக் கொடுத்தேன். அங்கே வரும் கடிதம் தொலையாது. வாங்குபவனே நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தபால்காரர் கட்டைக் கொண்டுவந்து போட்டார். வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். பதினைந்து, டயர் கடை பில். பதினாறு, வங்கியின் கனத்த உறை. பதினேழு. அனுப்புநர் என்ற இடத்தில் திவால் நீதிமன்றம், பெறுநர் என்ற இடத்தில் என் பெயர், நேரம் பத்து நாற்பது, பெற்றவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. எழுதிவிட்டுப் பதினெட்டுக்குப் போனேன். கடிதத்தைப் பிரித்துப் படித்து, திவாலானவன் என்று அறிவிக்கப்பட்டுவிட்டேன் என்று தெரிந்துகொண்டு, மடித்துப் பையில் வைத்தேன். அப்போதும் எதுவும் உறைக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு என்னை மாற்றிவிட வந்த நெட்டைதான் கண்டுபிடித்தான். கேட்டில் என்னோடு ஐந்து வருஷமாக வேலை பார்ப்பவன்.

"அண்ணே, மஞ்சக் கடுதாசிக்கு நீங்களே என்ட்ரி போட்டு நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன்.

"பழக்கம்டா" என்றேன்.

"உங்க பொணம் கேட்டைத் தாண்டினாக்கூட எந்திரிச்சு உக்காந்து டைம் போடுவீங்க போல."

பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் போட்டது. வரியை அடித்தால் அதன் அருகே ஸ்கேல் கையெழுத்துப் போட வேண்டும்.

"டீயக் கொட்டிருவோமா?" என்றான் நெட்டை.

"கொட்டினா சேத அறிக்கை எழுதணும். எந்தப் பக்கம், எந்த வரின்னு."

"அதையும் நீங்க ஒழுங்கா எழுதித் தொலைப்பீங்க."

வெள்ளிக்கிழமை ஸ்கேல் வந்தார். கோடு போட்டார், கையெழுத்திட்டார், டீ குடித்தார், போனார். ஒரு வரி படிக்கவில்லை. நெட்டை என் தோளில் தட்டினான். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் என் காவலர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிவத்தில் பதினோராவது கேள்வி, நீங்கள் திவாலானவராக அறிவிக்கப்பட்டிருக்கிறீர்களா என்பது. முந்தைய தடவைகளிலும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. கண்ணை ஓட்டாமலே இல்லை என்று போட்டிருக்கிறேன். இந்தத் தடவை படிவத்தை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

"உள்ளத எழுதினா என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"சாவிய வாங்கிருவாங்க. சாவி இல்லாதவனுக்கு அங்க என்ன வேலை?"

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஒரே வார்த்தையில் முடித்தான். "இல்லன்னு போடச் சொல்லு. தனியார் கம்பெனிக்காரன் கோர்ட்டு கோர்ட்டாப் போய் விசாரிக்கவா போறான்?"

விசாரிப்பது அவன் தொழில். நம்பினேன். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஆறு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சாவிப் பொறுப்பில் இருப்பவன் உரிமம் புதுப்பித்தால், அவன் எழுதிய ஆறு மாதப் பதிவேட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று இந்த வருஷம் புது விதி. படிப்பது அவள் வேலை. நாங்கள் எழுதுவதைப் படிக்க ஓர் ஆள் இருக்க முடியும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

மேஜை மேல் இடதுபக்கம் பதிவேடு, வலதுபக்கம் என் படிவம். பதினேழாவது வரிக்குக் கீழே ஒரு விரல், பதினோராவது கேள்விக்குக் கீழே ஒரு விரல்.

"ரெண்டுமே உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க மேடம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். "ஆமான்னு எழுதியிருந்தீங்கன்னா சாவிய மட்டும் எடுத்துட்டு பார்க்கிங் பக்கம் போட்டிருப்போம். மூணு வருஷத்துல கோர்ட்டு விடுவிச்சதும் சாவியும் திரும்பக் கெடச்சிருக்கும். போன வருஷம்கூட ரெண்டு பேருக்கு அப்படித்தான் பண்ணோம்" என்றாள். "பொய் எழுதினா நாங்க உரிம அலுவலகத்துக்குத் தெரிவிச்சே ஆகணும்."

"தெரியாமப் பண்ணிட்டேன்."

"எது தெரியாம?" என்று கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். பதிவேட்டில் எழுதியதுதான் தெரியாமல் செய்தது. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

உரிமம் ரத்தானது. ஐந்து வருஷத்துக்கு எந்த கேட்டிலும் நிற்க முடியாது. பள்ளிக்கூட கேட், துணிக்கடை வாசல், எதுவும் கிடையாது. சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையைக் கோர்ட்டுக்குக் கட்டுவதாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். தவணை எங்கே என்கிற கோர்ட்டுக் கடிதங்கள் இப்போதும் கேட்டுக்குத்தான் வருகின்றன. நெட்டை என்ட்ரி போட்டு வாங்கி வைத்து, போன் செய்கிறான்.

படிக்காமல் கையெழுத்திட்டதற்காக ஸ்கேலுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடைசி நாளில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவிகளை எண்ணினார். பதினொன்று. ஒப்படைத்தேன் என்று என்னையே எழுதச் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, ஸ்கேலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, முழுக்கப் படித்தார். அப்புறம்தான் சிவப்புக் கோடு போட்டார்.

மனைவி இப்போது ஒரு துணி வெளுப்புக் கடையில் இஸ்திரி போடுகிறாள். நான் வீட்டில் இருக்கிறேன்.

நேற்று அவள் தம்பி வந்தான். சீருடையில் வந்தான், ஸ்டேஷனுக்குப் போகிற வழியாம். வருஷாந்தரப் படிவம் கொண்டுவந்திருந்தான். எனக்குக் கடன் எதுவும் இல்லை என்று அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். அதில் பொய் எதுவும் இல்லை.

"குடும்பத்துல ஒருத்தர் சாட்சி கையெழுத்து போடணும் மாமா. இன்னைக்கே குடுக்கணும்."

பேனாவை வாங்கினேன். பழகின கை, கட்டம் எங்கே என்று தேடியது. அவன் கீழே இருந்த பொடி எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"திவால் ஆனவங்க போடக் கூடாதாம் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா, நீ போடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படிவத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"உனக்குக் கடன் இல்லன்னு நான் சொல்லணும்."

"சொல்ல வேண்டாம்க்கா. கையெழுத்து மட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். போடாதே என்று நான் சொல்லியிருக்கலாம். அவனும் போனால் இந்தக் குடும்பத்தில் வேலையில் இருக்கிற ஆம்பளை என்று யாரும் இருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. அவள் போட்டாள்.

அவன் மை காயும்வரை ஊதிவிட்டு, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அவன் படியிறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து.