பதினொன்று பத்துக்கு வரும் குரல்

வாசகர் கூடுகையின் நான்காம் ஆண்டு, காலை பதினொன்று பத்துக்கு, ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்திருந்த லாரி மெக்கானிக் எழுந்து நின்று ஒரு பெண்ணின் குரலில் கேள்வி கேட்டார். பெரிய மீசைக்காரர். மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தும் ஒருமுறைகூட வாய் திறக்காதவர். அவர் வாயிலிருந்து வந்ததோ ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைக்கிற, நன்கு பழகிய பெண்குரல். "அக்கா, மூணாவது நிலாவுக்கு எதுக்கு ஜுரம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிற்பாடு விசாரித்தபோது, நான் எங்கே கேட்டேன், கொட்டாவிதான் விட்டேன் என்றார்.

அந்தக் கூடுகை ஆண்டுக்கொருமுறை, ஒரு சனிக்கிழமை, தையல் பயிற்சிப் பள்ளியின் மாடிக் கூடத்தில் நடந்து வந்தது. தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளி உறை போட்டு மூடிவிட்டு நாற்காலி போடுவார்கள். விண்கலம், வேற்றுக்கிரகம், எதிர்காலம் என்று எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வலப்பக்கம். சூனியக்காரிகள், பறக்கும் மிருகங்கள், இல்லாத தேசங்கள் என்று எழுதுகிறவர்களும் அவர்களுடைய வாசகர்களும் இடப்பக்கம். யாரும் அப்படிப் பிரிக்கவில்லை, தானாகவே அமைந்துவிட்டது. வலப்பக்கத்தார் இடப்பக்கத்தாரைப் பார்த்து, உங்கள் மிருகம் அவ்வளவு எடையோடு எப்படிப் பறக்கும் என்று கேட்பார்கள். இடப்பக்கத்தார், உங்கள் விண்கலத்தில் போகிறவனுக்கு ஏன் வீட்டு ஞாபகமே வருவதில்லை என்று திருப்பிக் கேட்பார்கள். டீ இடைவேளையில் இரண்டு பக்கமும் ஒரே பாத்திரத்தில் பிடித்துக் குடிக்கும். செயலாளர் ஒரு நில அளவையாளர். எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைக்கிற மனிதர். இந்த வருடங்களில் நடந்ததெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் தேதியோடும் நேரத்தோடும் இருக்கிறது.

மெக்கானிக் கேட்ட கேள்வி மேடையில் இருந்த எழுத்தாளருக்கானது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். பகலெல்லாம் ஜனங்களைச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்க வைத்துவிட்டு, மாலையில் தும்மாநாடு என்ற தேசத்தைப் பற்றி நாவல் எழுதுவார். வாசகர்கள் அவரைக் கண்ணாடிக்கடை அக்கா என்பார்கள். தும்மாநாட்டில் யாரும் தும்மக்கூடாது. ஒருவர் தும்மினால் ஊர் ஓரடி நகர்ந்துவிடும். அங்கே மூன்று நிலாக்கள். செத்தவர்களின் உடுப்பு வாரம் ஒருமுறை தானே நடந்து சலவைக்குப் போய்வரும். அப்போதே இரண்டு நாவல் வந்து, இரண்டும் மறுபதிப்புக் கண்டிருந்தன.

அக்காவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பதில் சொன்னார்: மற்ற இரண்டு நிலாவும் தூங்கும்போது மூன்றாவது நிலா தனியாகக் குளத்தில் இறங்கிக் குளித்தது, அதனால் ஜுரம். கூடம் கைதட்டியது. மெக்கானிக்கும் தட்டினார். அந்தப் பதில் அடுத்த நாவலில் முதல் அத்தியாயமானது.

குரல் அவருடைய தங்கையுடையது. அக்காவுக்கு ஒன்பது வயதும் தங்கைக்கு ஆறு வயதுமாக இருந்தபோது இருவருக்கும் ஒரே வாரத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் உப்பிப்போய், தும்மினால் உயிர் போகிற வலி. பத்து நாள் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அந்தப் பத்து நாளில், பழைய காலண்டர் தாள்களின் முதுகில் தங்கை ஒரு தேசத்தை வரைந்தாள். தும்மாத தேசம். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள், எப்போதாவது, அப்புறம் என்றாள். அவ்வளவுதான் அவள் பங்கு. இருபத்துமூன்று வருடம் கழித்து அதை எழுதிப் புத்தகமாக்கியபோது அட்டையில் ஒரு பெயர்தான் இருந்தது. தங்கை அதைக் கடையில் பார்த்து வாங்கி, ஒரே மூச்சில் படித்து, போன் செய்தாள். "புக் நல்லாருக்கு அக்கா" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அப்பாவின் சாவுக்கு வந்தபோதும் அக்கா நின்ற பக்கம் திரும்பவில்லை.

ஐந்தாம் ஆண்டு அதே பதினொன்று பத்துக்கு வலப்பக்கத்து வேதியியல் ஆசிரியை எழுந்தார். விண்கல எரிபொருளை எடை போட்டுக் காட்டி எத்தனையோ எழுத்தாளர்களைத் திணறடித்தவர், தும்மாநாட்டில் பாலத்துக்கு ஏன் காவல் இல்லை என்று அந்தக் குரலில் கேட்டார். ஆறாம் ஆண்டு சிறப்பு விருந்தினர், செவ்வாயில் விவசாயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் குரல் மாறி, உடுப்புகள் சலவைக்குப் போகும்போது செருப்பு ஏன் கூடப் போவதில்லை என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து செவ்வாயைத் தொடர்ந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டிலில் கேட்ட பதில் அக்காவிடம் இருந்தது. தன்னுடையது போலவே சொல்லி, தன்னுடையது போலவே எழுதினார். நான்காவது நாவலில் பாதி அந்தப் பதில்கள்தான்.

அந்தக் குரலை ஊரே கேட்டிருக்கிறது என்பதை முதலில் கவனித்தவர் செயலாளர். "இது நம்ம பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற அம்மா குரலாச்சே" என்றார். சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. அவர் அளக்கிற மனிதர், அனுமானத்தில் நிற்க மாட்டார். நேரே பேருந்து நிலையம் போய் விசாரித்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னார்.

"அந்தம்மாவுக்கு வருஷா வருஷம் நம்ம கூட்டத்தன்னைக்கு, கரெக்டா பதினொண்ணு பத்துக்கு, தொண்டை அடைச்சுக்குதாம். ரெண்டு நிமிஷம் காத்துதான் வருது. போன வருஷம் அந்த ரெண்டு நிமிஷத்துல ஒரு பஸ் யாரையும் ஏத்தாமலே போயிடுச்சு. மெமோ குடுத்துட்டாங்க, பாவம். உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

அக்கா, "பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாம் நான் எங்க போறேன்" என்றார். அது உண்மைதான். ஏழு வருடமாகப் பேருந்து நிலையத்துக்குள் கால் வைக்காமல், இரண்டு தெரு சுற்றித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஏழாம் ஆண்டு குரல் ஒரு கைக்குழந்தையிடமிருந்து வந்தது. ஆறு மாதக் குழந்தை. ஈறில் ஒரு பல்கூட இல்லை. தாயின் தோளில் சாய்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது, விரலை எடுத்துவிட்டு மேடையைப் பார்த்து, "அக்கா, அந்த ஊர்ல பொய் சொன்னவங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டது. தாய் குழந்தையின் வாயைக் கையால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அக்காவுக்கு இதற்கும் பதில் தெரியும். தும்மாநாட்டில் பொய் சொன்னவர்களின் நாக்குக்கு ருசி போய்விடும். முதல்முறையாக, "தெரியலையே" என்றார். அன்று மதியம் சாப்பிட்டபோது உப்பு தெரியவில்லை, மறுநாளும் தெரியவில்லை. மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் அவருக்கு எதுவும் ருசிக்கவில்லை.

கூடுகையை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இத்தனை வருடம் அதிசயத்தைப் பற்றி எழுதிவிட்டு, ஒன்று வந்து நிற்கும்போது கதவைச் சாத்துவதா என்று வேதியியல் ஆசிரியை கேட்டதும் பேச்சு அடங்கியது. எட்டாம் ஆண்டு இரண்டு மடங்கு கூட்டம். யாரோ புகார் கொடுத்திருந்ததால் ஒரு போலீஸ்காரர் வந்து வாசலில் நின்றார்; குரல் அவர் வாயிலேயே வந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல், சந்தேகத்துக்கிடமாக எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். அடுத்த வருடம் மனைவியோடு வந்து பணம் கட்டி உறுப்பினரானார்.

அது ஒன்பதாம் ஆண்டு. பதினொன்று பத்து ஆனதும் கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் எழவில்லை. மேடையில் மைக் முன்னால் நின்ற அக்காவின் வாய் திறந்தது. அதிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, இந்த ஊரை உண்டாக்குனது யாரு?"

கேட்ட வாய் மூடிக்கொண்டது. அக்கா மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருநூற்று முப்பது பேர். முன் வரிசையில் அவருடைய பதிப்பாளர். தெரியவில்லை என்று இன்னொரு முறை சொல்லிவிடலாம்; யாரால் என்ன செய்துவிட முடியும் என்று ஒரு கணம் நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். பிறகு தன் சொந்தக் குரலில், கொஞ்சம் கரகரத்து, பதில் சொன்னார்.

"என் தங்கச்சி. அப்ப அவளுக்கு ஆறு வயசு. நான் பக்கத்துல படுத்துக் கேட்டுட்டிருந்தேன். கேட்டதை எழுதினேன். கேட்டேன்னு மட்டும் எழுதலை."

யாரும் கைதட்டவில்லை. பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர் நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்: பதினொன்று பதினான்கு. அக்கா பையை எடுத்துக்கொண்டு, டீக்குக்கூட நிற்காமல், நேராகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

அறிவிப்பு அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே தங்கை மைக்கில் தடம் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. அக்காவைப் பார்த்தும் நிறுத்தாமல், அடுத்துக் கிளம்பும் பேருந்தையும் சொல்லி முடித்து, விசையை அணைத்தாள். காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டாள்.

"வாய் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"குரல் எங்க போகுதுன்னு தெரியாது. திரும்பி வரும்போது போன இடத்து வாசனையோட வரும். ஒரு வருஷம் கிரீஸ் வாசனை. ஒரு வருஷம் பால் வாசனை, அன்னைக்கு நான் வேலை செய்யவே இல்லை, அழுதுட்டே இருந்தேன். இன்னைக்கு லென்ஸ் துடைக்கிற தண்ணி."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் சொல்லிட்டேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"என்கிட்ட சொல்லலையே."

அக்கா அதையே மறுபடி, ஒருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். இருநூற்று முப்பது பேர் முன்னால் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. இரண்டு இடத்தில் நின்றுபோய்த்தான் முடித்தார். வெளியே மூன்று பேருந்துகள் அறிவிப்பு இல்லாமல் கிளம்பிப் போயின. தங்கை பாட்டிலில் இருந்த மோரை மூடியில் ஊற்றி நீட்டினாள். அக்கா குடித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றார்; சொல்லிவிட்டு அந்த மூடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புக்குல நிறையத் தப்பு இருக்கு. பாலத்துக்குக் காவல் இல்லாததுக்குக் காரணம் நீ எழுதினது இல்லை. அப்ப நீ பாதியில தூங்கிட்டே" என்றாள் தங்கை.

திருத்திய பதிப்பு இரண்டு பெயர்களோடு வந்தது. பதிப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டார். பாலத்தைப் பற்றிய அத்தியாயத்துக்காக மூன்று மாதம் இரண்டு பேரும் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பேசாமல் இருந்த வருடங்களுக்கெல்லாம் சேர்த்துப் போட்டதாகக் கடை முதலாளி சொன்னார்.

பத்தாம் ஆண்டு தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு மேடையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் குரல் எங்கேயும் போகாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வலப்பக்கத்தில் சிலருக்கு வருத்தம்கூட. தங்கை வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பதினொன்று பத்து ஆயிற்று. தங்கையின் உதடு அசைந்தது, சத்தம் நின்றுபோனது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஏணியில் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் திரும்பி, அந்தக் குரலில் கேட்டார்.

"தும்மாநாட்டு வடக்கு வாசல்ல நிக்கிறவங்களை எப்ப உள்ள விடுவீங்க?"

அக்கா தங்கையைப் பார்த்தார். தும்மாநாட்டுக்கு வடக்கு வாசல் கிடையாது. அக்கா எழுதவில்லை, தங்கை வரையவும் இல்லை. தங்கை முன்னாலிருந்த தாளை இழுத்து, இந்தக் கேள்வி என்னுடையது இல்லை என்று எழுதிக் காட்டினாள். தன் குரலை யாரோ எடுத்துப் பேசுவதை அவள் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல்முறை.

அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எத்தனை பேரு நிக்கிறாங்க?"

"பதினேழு" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ரொம்ப நாளாவா?"

"பொன்னுக்கு வீங்கி வந்தப்ப உங்க அம்மா கதவைச் சாத்தினதுலேர்ந்து."

அக்கா தங்கை பக்கம் திரும்பினார். இந்தத் தேசத்தைப் பற்றி அவளைக் கேட்காமல் இனி ஒரு வார்த்தை சொல்வதாக இல்லை. தங்கை கண்ணை மூடி யோசித்தாள், கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள், தலையாட்டினாள். "வரச் சொல்லுங்க" என்றார் அக்கா. எலக்ட்ரீஷியன் விளக்கை மாட்டி முடித்து ஏணியை மடக்கினார்.

அந்த வாரமே செயலாளர் அடுத்த கூடுகைக்காக வாடகைக்கடையில் வழக்கத்தைவிடப் பதினேழு நாற்காலி கூடுதலாகச் சொல்லிவைத்தார். வடக்குச் சுவரோரம், மூடி வைத்த தையல் மெஷின்களுக்கு முன்னால், இப்போதெல்லாம் அவை வரிசையாகப் போடப்படுகின்றன. யாரும் அங்கே உட்காருவதில்லை, பைகூட வைப்பதில்லை. கூட்டம் முடிந்து அடுக்கும்போது அந்த நாற்காலிகளின் இருக்கை சூடாக இருக்கும். அடுக்குகிறவர்கள் அவற்றை ஆற விட்டுவிட்டு, மற்றதை முதலில் எடுப்பார்கள்.