இரண்டாம் பாதிக்கு முன்

"உங்க ஆட்டத்துல நான் மூக்க நுழைக்க மாட்டேன். என் ஷிப்டு விஷயத்துல நீங்க நுழைக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"பின்னாடி பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டன். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் வெச்சுக்கலாம்."

"என்ன ஒண்ணு?"

"ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவ. என் ஆட்டத்துல நீ ஒண்ணு கேக்கலாம். கேட்டுட்டா நான் மறுபேச்சு பேசக் கூடாது. அதே மாதிரி உங்கிட்ட எனக்கும் ஒண்ணு. இப்பவே அவசரப்பட்டுக் கேட்டுடாத, யோசிச்சுக் கேளு."

நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரம், சந்திரசூடேஸ்வரர் மலைப்படிகளில் ஸ்வாதியும் பூபதியும் பேசிக்கொண்டது இது. பேசியபடியே அவன் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினான். அவளுக்கு மூச்சு வாங்கியது. "மெதுவாப் போறீங்களா, இல்ல இதையே என் ஒண்ணாக் கேட்டுரவா?" என்று மிரட்டினாள். அவன் பயந்தவன்போல அங்கேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். இருவருக்கும் வந்த அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு அவனை நிஜமாகவே பிடித்துப்போனது.

பூபதி தன் பங்கை முதல் வருடமே செலவழித்துவிட்டான். தலைதீபாவளிக்கு முந்தைய ராத்திரி, செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு ஷிப்டு. போகாதே என்று கேட்டான், அவளும் போகவில்லை. ஸ்வாதியின் பங்கு மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு கல்யாண நாளிலும் அவன் கேட்பான், "உன்னோட ஒண்ணு பத்திரமா இருக்கா?" என்று. "லாக்கர்ல இருக்கு," என்பாள்.

எதற்காக வைத்திருக்கிறாள் என்று அவனிடம் சொன்னதில்லை. மலைப்படியில் துள்ளி ஏறியவன் இப்போது வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடித்துத்தான் ஏறுகிறான். வலது முட்டி வீங்குவதும் வடிவதுமாக இருந்தது. என்றைக்காவது ஒருநாள் 'போதும், ஆட்டத்தை விட்டுவிடுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாளுக்காகத்தான் அவள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

இந்த வருடம்தான் அந்த 'ஒண்ணு'க்கு இன்னொரு பங்காளியும் வந்து சேர்ந்தான். அவளுடைய தம்பி பிரதாப்.

பூபதிக்குச் சிப்காட்டில் வேலை கிடைத்ததே கூடைப்பந்தால்தான். கம்பெனி டீமுக்குக் கேப்டனும் அவனே, கோச்சும் அவனே. யார் இறங்க வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று சொல்வதும் அவன்தான். அதே கம்பெனியில் பிரதாப் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தான். பந்தைத் தட்டிக்கொண்டு அவன் ஓடினால் பந்து கையில் ஒட்டிக்கொண்டதோ என்று தோன்றும். டீமில் எல்லோரும் ஒருமனதாகத்தான் அவனுக்கு ஜெர்சி கொடுத்தார்கள். ஆனால் மறுநாள் கேன்டீனில் யாரோ, "மாமனுக்குக் கேப்டன் பதவி, மச்சானுக்கு ஜெர்சி. பொண்ணு குடுத்ததுக்குச் சீர் செய்றாங்கப்பா," என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பூபதி தட்டில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு வருடம் முழுக்கப் பிரதாப் பெஞ்சில்தான். ஜெயிப்பதோ தோற்பதோ உறுதியான பிறகு கடைசியில் கொஞ்ச நேரம் இறக்கிவிடுவான், அவ்வளவுதான். நேர்மையாக இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஸ்வாதிக்கு மட்டும் அது நேர்மையாகப் படவில்லை. ஆனால் வாயைத் திறக்க முடியாமல் வாக்குக் கொடுத்திருந்தாளே.

ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதியாட்டம். இறுதியாட்டம் என்றால் பெங்களூரிலிருந்து வெளியாட்கள் இரண்டு பேரை அழைத்துச் சேர்த்துக்கொள்வது எல்லாக் கம்பெனிக்கும் வழக்கம். போட்டி விதியும் அதற்கு இடம் கொடுத்திருந்தது. வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு கேப்டன் வீட்டில். ஸ்வாதி கோழிக்குழம்பு வைத்தாள். பிரதாப் பரிமாறினான்.

வந்தவர்களில் ராஜசேகருக்குச் சொந்த ஊர் பாகலூர். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரப் பழகியவன். "தம்பி, நீயும் உக்காந்து சாப்புடு. சாயங்காலம் ஆடணும்ல?" என்றான்.

"நான் உக்கார்றதுக்குத்தான்ணே அங்க வர்றேன். அதுக்குச் சாப்பாடு கம்மியா இருந்தாப் போதும்," என்று பிரதாப் சிரித்தான். பூபதி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஸ்வாதி பேச்சை மாற்ற, "டிவியில வர்ற லீக்லல்லாம் ஆடினீங்களாமே?" என்று கேட்டாள்.

"அத ஏன் கேக்கறீங்க அண்ணி. புரொபஷனல் லீக்குன்னாங்க. லைட்டு, பாட்டு, எல்லாம் ஜோர். ரெண்டு சீசன் ஓடுச்சு. மூணாவதுக்குப் புது ஷூ வாங்கி வெச்சிட்டு உக்காந்திருந்தன், போனே வரல. இப்ப ஜிம்முல டிரெய்னர். ஞாயித்துக்கெழம யாரு கூப்புட்டாலும் அவங்க ஜெர்சி." குழம்பை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டான். "ஆனா லீக்க மட்டும் கொற சொல்லி என்னா பண்றது? பன்னண்டு வயசுலயே நான் வளத்தி. கூடைக்குக் கீழ நில்லுடா, வந்தா போடுடான்னாங்க. பந்து தட்டவே விடல. எங்க ஸ்கூலுக்குக் கப்பு வந்துச்சு. பெரிய டீமுக்குப் போனா அங்க அத்தன பேரும் என்னவிட வளத்தி. தட்டத் தெரியாத நான் என்னா பண்ணுவன்? கத்துக்கற வயசுல ஜெயிக்க வெச்சாங்க அண்ணி, அவ்ளோதான்."

பிறகு பிரதாப்பைக் காட்டி, "அண்ணா, இந்தப் பையன காலைல பிராக்டீஸ்ல பாத்தன். ஏன் எறக்கறதில்ல?" என்று பூபதியிடம் கேட்டான். "பெங்களூர்ல புதுசா ஒரு டீம்காரங்க ஜூனியர் கேம்ப்புக்கு ஆள் எடுக்கறாங்க. அவங்க ஆளு இன்னைக்கு வர்றாரு. பிராக்டீஸ்லாம் பாக்க மாட்டாரு. மேட்ச்சுல ஆடறதப் பாக்கணும்பாரு. இருவது முடிஞ்சிருக்கக் கூடாது."

பிரதாப்புக்கு அடுத்த மாதம் இருபது முடிகிறது. ரசக் கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது.

"அவனுக்கு இன்னும் காலம் இருக்கு," என்றான் பூபதி. "மோர் ஊத்து பிரதாப்."

அடுப்படியில் ஸ்வாதி தம்பியின் கையைப் பிடித்தாள். "நீயே கேளேன்டா."

"மத்த பசங்கள்லாம், 'அண்ணே என்ன எறக்குங்க'ன்னு சண்ட போட்டே கேக்கறாங்க. நான் கேட்டா மச்சான் கேட்டதா ஆயிடும். நீ கேட்டா பொண்டாட்டி கேட்டதா ஆயிடும். மாமா மேல தப்பு இல்லக்கா. விடு." கையை உதறிக்கொண்டு மோர்ச் சொம்போடு போய்விட்டான். மாமாவை விட்டுக் கொடுக்காமல் பேசியதுதான் அவளை என்னவோ செய்தது.

மாலையில் பள்ளிக்கூட மைதானம் நிரம்பிவிட்டது. சிமென்ட் தரையில் விளக்கு வெளிச்சம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. "ஹாக்கு, ஹாக்கு!" என்று பின்னாலிருந்த ஒருவர் கன்னடத்தில், பந்தைக் கூடையில் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். நடுவர் மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெங்களூர்க்காரர் என்று ராஜசேகர் கண்ணால் காட்டினான்.

ஸ்வாதியின் பக்கத்தில் அவள் அப்பா கருப்பசாமி. விருதுநகரிலிருந்து வந்து இத்தனை வருடமாகியும் அவர் பேச்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. "மாப்ள கால இழுத்து இழுத்துல்ல ஓடுதாரு," என்றார். "எதிராளி அவர் பக்கமாவே வாரான், பாத்தியா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதிரணியின் இளைஞன் ஒவ்வொரு முறையும் பூபதியைத்தான் தேடி வந்து தாண்டிப் போனான். பூபதி திரும்புவதற்குள் பந்து கூடைக்குள் இறங்கியிருந்தது. அப்படி ஒருமுறை திரும்பும்போது அவன் முகம் கோணியது. ஸ்வாதி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பெஞ்சில் பிரதாப் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அதைத்தான் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே செய்துகொண்டிருந்தான்.

இடைவேளை விசில் அடித்தபோது கம்பெனி டீம் பின்தங்கியிருந்தது. ஸ்வாதி வாசலுக்கு ஓடி, ஜூஸ் வண்டிக்காரரிடம் ஐஸ்கட்டி வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அவள் களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததில்லை. பையன்கள் மரியாதையாக விலகிப் போனார்கள். பிரதாப்பும் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

அவள் முட்டியில் ஐஸை வைத்ததும் பூபதி பல்லைக் கடித்தான். "நான் ஓடறப்ப நீ கண்ண மூடிக்கற. இங்கருந்து தெரியுது."

"தெரிஞ்சுமா ஓடறீங்க?"

"பின்ன?" அவன் பிரதாப் நின்ற பக்கம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "அவன எறக்கலாம்னு எனக்கும் தோணாம இல்ல ஸ்வாதி. ஆனா தோத்துட்டா மச்சானாலதான் தோத்தோம்பாங்க. ஜெயிச்சா மச்சானுக்காகத்தான் நான் உக்காந்தேம்பாங்க. ரெண்டுக்கும் பதில் சொல்ல என்னால ஆவாது."

ஐஸ் உருகி அவள் விரல் வழியாக ஓடியது. முட்டிக்காகக் கேட்பதா, தம்பிக்காகக் கேட்பதா என்று மத்தியானத்திலிருந்து மனத்துக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டிக்கு நாளைக்கும் ஐஸ் வைக்கலாம். தம்பிக்கு நாளை இல்லை. அப்படி முடிவு கட்டிக்கொண்டுதான் கோட்டைத் தாண்டி வந்தாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் வேறொன்று விளங்கியது. அந்தப் பெஞ்சில் உட்கார முடியாமல் தவிப்பவன் பூபதி. எழுந்திருக்க முடியாமல் தவிப்பவன் பிரதாப். இரண்டு பேரையும் கட்டிப் போட்டிருப்பது அந்த ஒரே கேன்டீன் பேச்சு.

நடுவர் கையில் விசிலை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். பூபதி எழுந்திருக்கப் பெஞ்சில் கையை ஊன்றினான். அவள் அந்தக் கையின் மேல் தன் ஈரக் கையை வைத்தாள்.

"என்னங்க, என்னோட ஒண்ணு இன்னும் இருக்குல்ல?"

அவன் சட்டென்று அவளைப் பார்த்தான். கூட்டத்தின் சத்தத்திலும் அவன் குரல் தணிந்திருந்தது. "இருக்கு. இப்பவா?"

"இப்பத்தான். அக்காவாவும் கேக்கல, பொண்டாட்டியாவும் கேக்கல. ஆறு வருஷமா ஒரு ஆட்டம் விடாம அங்க உக்காந்து பாத்தவளாக் கேக்கறேன். உங்க எடத்துல என் தம்பிய எறக்கிவிட்டுட்டு, நீங்க இங்க என் பக்கத்துல உக்காருங்க."