கடைசி இரண்டு அங்குலம்

அங்கம்மாவின் வீடு போனது என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டால் பஹீம் சேர் சட்டத்தின் மேல் பழியைப் போடுவார், கம்பியூட்டர் விற்ற கடைக்காரன் என் வயதின் மேல் போடுவான். இரண்டு பேர் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

என் பெயர் மஸாஹிரா. கண்டியில், கோர்ட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில், மாடியில் இருக்கும் ஒரு சட்டத்தரணி கந்தோரில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். பஹீம் சேருடைய வாப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் மௌத்தாகி மகன் அதே கதிரையில் வந்து உட்கார்ந்தபோது, எந்த பைல் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தது நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் கந்தோருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சத்தியக்கடதாசி என்றால் நீளத் தாளில்தான் அடிக்க வேண்டும். கோர்ட்டில் ஒருவர் தன் பக்க உண்மையைச் சத்தியம் பண்ணிச் சொல்லும் கடதாசி அது. எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் விடக் கூடாது, கையெழுத்துக்குக் கீழேயும் விடக் கூடாது. விட்டால் பின்னால் எவனாவது ஒரு வரியைச் செருகிவிடுவான். ஆகவே எழுத்தைத் தாளின் அடிவரை இறக்கி, கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் கையெழுத்துக்கு இடம் வைப்பேன். கடைசிப் பக்கத்தில், சத்தியத்தை வாங்கி உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் கையெழுத்தும் முத்திரையும் அதே இரண்டு அங்குலத்துக்குள்தான் விழும். இந்த வேலையில் கண்டியில் என்னை அடிக்க ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கொரோனா வந்த பிறகு எல்லாவற்றையும் இமெயிலில் அனுப்பு என்று சொல்லத் தொடங்கினார்கள். பஹீம் சேர் கம்பியூட்டர், பிரின்டர், ஸ்கேனர் எல்லாம் வாங்கிப் போட்டார். அவருக்குப் போனில் வந்த இமெயிலை வாசிக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "ராத்தா, நீங்கதான் படிக்கணும்" என்று என்னைத் தள்ளிவிட்டார். கட்டுகஸ்தோட்டையில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடைக்கு மேலே கம்பியூட்டர் வகுப்பு நடந்தது. எட்டுச் சனிக்கிழமை போனேன். என் இரண்டு பக்கத்திலும் ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள். நான் ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அதுகள் ஒரு பக்கத்தை முடித்துவிடும் என்று நினைத்துப் பயந்து போனேன். தட்டச்சில் என் வேகத்தைக் கண்டு அதுகள்தான் வாயைப் பிளந்தன. ஆனால் அந்த மவுஸ் இருக்கிறதே, அது என் சொல்லைக் கேட்க மூன்று கிழமை எடுத்தது.

படிப்பித்த பிள்ளையின் பெயர் ஸனா. இருபத்திரண்டு வயது இருக்கும். பொறுமைசாலி. ஸ்கேன் பண்ணப் படிப்பித்த அன்று சின்னத் தாளைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அன்ட்டி, ஒங்கட கந்தோர்ல என்ன சைஸ் பேப்பர் பாவிக்கிற?"

மற்றப் பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ தெரியாதவளைக் கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. கோபம் வந்துவிட்டது.

"பேப்பர் பேப்பர்தானே மகள். அதுல என்ன சைஸ்?" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஸனாவும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக் கொண்டேன். அல்லாஹ், அந்த வாயை அன்றைக்கு மட்டும் மூடியிருக்கக் கூடாதா!

அங்கம்மா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்தவள். வேலையிலிருந்து நின்றபோது கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு, தோட்டத்து லய அறையை விட்டு வெளியே பத்துப் பேர்ச் காணி வாங்கி, இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினாள். அவளுடைய சனத்தில் சொந்தக் காணியில் தூங்கிய முதல் ஆள் அவள்தான் என்று சொல்லுவாள். விற்றவன் கள்ளன். அதே காணியைப் பிறகு இன்னொருத்தனுக்கும் விற்றான். அந்த மற்றவன் அங்கம்மாவுக்கு முந்தித் தன் உறுதிப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டான். கண்டியில் இரண்டு கோர்ட்டிலும் தீர்ப்பு அவன் பக்கம் போனது. இனிக் கொழும்பில் பெரிய கோர்ட் மட்டும்தான் பாக்கி. அங்கே மனுவையும் அங்கம்மாவின் சத்தியக்கடதாசியையும் நாற்பத்திரண்டு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். நாற்பத்து மூன்றாம் நாள் கொண்டுபோனால் குப்பைக் கூடையில் போடலாம்.

அது பெட்ரோல் இல்லாத வருடம். கண்டியில் வரிசையில் நின்றே ஆட்கள் மயங்கி விழுந்த காலம். தீர்ப்பின் பிரதி கைக்கு வரவே ஒரு மாதம் போய்விட்டது. கொழும்பு வக்கீல் மனுவை எழுதி, சின்னத் தாளில் அடித்து அனுப்பினார். அது வந்தபோது நாற்பத்தோராவது நாள். அங்கம்மாவின் சத்தியக்கடதாசியை நான் அடித்தேன். பதினொரு பக்கம். மறுநாள் காலையில் அவள் கலஹாவிலிருந்து பேராதனைக்கு லொறியில் ஏறி, அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்தாள். சமாதான நீதவான் வாசித்து விளங்கப்படுத்தினார். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீல மையில் பெருவிரலை வைத்தாள். கந்தோர்ப் பிரதியிலும் வைத்தாள். நீதவான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எல்லாம் என் இரண்டு அங்குலத்துக்குள் கச்சிதமாக விழுந்தன.

பதினொரு மணிக்குப் பஹீம் சேர் படியேறி ஓடி வந்தார்.

"ராத்தா, கொழும்புக்குப் போக இருந்த வேன்காரன் வரமாட்டானாம். எண்ணெய் இல்லயாம்."

"அப்ப ரயில்ல போவமே?"

"இனி போய்ச் சேர ஏலா. மூணு மணிக்கு மூடிருவாங்க. கொழும்புக்குப் பேசினேன். இமெயில்ல அனுப்பினா இண்டைக்கு வந்த கணக்குல எடுப்பாங்களாம். பேப்பரப் பொறகு கொண்டுபோய்க் குடுக்க ஏலும். ஒங்களுக்கு ஏலுமா, ராத்தா?"

"என்னத்துக்கு எட்டுச் சனிக்கிழமை போன? போங்க சேர், நீங்க ஒங்கட கேஸப் பாருங்க" என்றேன்.

அவருக்கு அன்று இன்னொரு வழக்கு இருந்தது. என்னை நம்பிப் போய்விட்டார். ஒன்றரைக்குக் கரண்ட் வெட்டுவார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். அங்கம்மா பக்கத்துக் கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மனுவை ஸ்கேன் பண்ணினேன். ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு சத்தியக்கடதாசியை வைத்தேன். தாள் கண்ணாடிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக் கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கீழே போட்டோக்கொப்பிக் கடையில் நீளத் தாளை வைத்தால் முழுதாகத்தானே வருகிறது, இதுவும் அப்படித்தான் எடுக்கும் என்று நினைத்தேன். திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. ஓகேயை அமத்தினேன். பதினொரு தடவையும் அமத்தினேன்.

அனுப்புவதற்கு முந்தித் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன், பக்கம் பதினொன்றும் வரிசையாக இருக்கிறதா என்று எண்ணினேன். கார்பன் பிரதியை அப்படித்தான் சரிபார்ப்போம். தாளின் அடியில் பெருவிரல் இருக்கிறதா என்று தேட எனக்குத் தோன்றவேயில்லை. தாளில் இருப்பது தாளில் இருக்கும்தானே, எங்கே போகப் போகிறது?

"அம்மா, இந்தப் பொட்டிக்குள்ள வச்சா கொழும்புக்குப் போயிருமா?" என்று கேட்டாள் அங்கம்மா.

"போயிரும்."

"இன்னிக்கேவா?"

"இப்பவே. அரை நிமிசத்துல."

அங்கம்மா எழுந்து கம்பியூட்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்மி சொல்லி அனுப்பினேன். ஒன்று பதினெட்டுக்குப் பதில் வந்தது, கிடைத்தது என்று. நான் கதிரையை விட்டு எழும்பிக் கையைத் தட்டினேன். ஐம்பத்தோரு வயதில் இந்தச் சனியன் பிடித்த இயந்திரத்தை வென்றுவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷம். அங்கம்மாவுக்கு என் காசில் பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலை ஸனாவின் வகுப்புக்கும் படியேறிப் போய், அந்தப் பிள்ளையிடம் வாயாரச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து ரயிலில் போய் உண்மைத் தாள்களையும் ஒப்படைத்தோம். அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருந்தோம். மாதம் ஒரு தடவை அங்கம்மா வருவாள். கொஞ்சம் அவரைக்காய், கொஞ்சம் கீரை என்று ஏதாவது கொண்டுவருவாள். "என்னம்மா, நம்ம கடுதாசி என்ன சொல்லுது?" என்று கேட்பாள். "நல்லா ஈக்கி, பயப்பிட வேணாம்" என்பேன். கொழும்பு வக்கீலும் வழக்கில் பலம் இருக்கிறது என்றுதான் சொன்னார். அங்கம்மா அங்கே குடியிருப்பது தெரிந்தேதான் அந்த மற்றவன் காணியை வாங்கியிருந்தான். நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது.

விசாரணை நாளில் பஹீம் சேர் கொழும்புக்குப் போனார். அங்கம்மா காலை எட்டு மணிக்கே கந்தோருக்கு வந்துவிட்டாள். பதினொன்றரைக்கு என் போனில் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோர்ட் பைலில் இருந்த, இமெயிலில் போன எங்கள் சத்தியக்கடதாசியின் கடைசிப் பக்கம். எழுத்து இருந்தது. எழுத்துக்குக் கீழே தாள் முடிந்து போயிருந்தது. பெருவிரல் இல்லை, நீதவானின் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை.

உடனே பஹீம் சேர் பேசினார்.

"ராத்தா, பதினொரு பக்கமும் இப்பிடித்தான். நாப்பத்திரண்டு நாளைக்குள்ள வந்த கடதாசியில சத்தியம் பண்ணின ஆளே இல்லண்டு மற்றப் பக்கம் சொல்லிச்சு. நாங்க பொறகு குடுத்த பேப்பர் காலம் கடந்து வந்ததாம். தள்ளிட்டாங்க."

"திரும்பப் போட ஏலாதா, சேர்?"

"எங்க போட? அதுக்கு மேல கோர்ட் இல்ல. அவக்கிட்ட ஒண்டும் சொல்லாதீங்க. நான் வந்து பேசிக்கிறேன்."

போனை வைத்தேன். அங்கம்மா என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"தள்ளிட்டாங்களாம்மா?"

தலையை ஆட்டினேன். அவள் போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இது நம்ம கடுதாசிதானே? என் கைநாட்டு எங்கம்மா?"

அவள் தன் வலது பெருவிரலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தேஞ்சு போச்சும்மா. கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேஞ்ச வெரலு. போனுக்கு சிம்மு எடுக்கப் போனப்பகூட ரேகை விழலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான்தான் நல்லா அமுக்கி வைக்காம விட்டுட்டேன். இவ்வளவு பேரு பாடுபட்டீங்க, நான் கெடுத்துட்டேனே."

"அப்பிடிச் சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். "ஒங்க கையில பிழை இல்ல அங்கம்மாக்கா. நான்தான் பிழையா அனுப்பின. தாளு நீளம், மெசின் கட்டை. அடிப்பக்கத்த அது எடுக்கல்ல. நான் பாக்கல்ல. என்ட பிழை."

"எனக்காகப் பழிய ஏத்துக்காதீங்கம்மா. நீங்க படிச்சவங்க. அன்னிக்கு எவ்வளவு கெட்டித்தனமா அனுப்புனீங்க, நான் பக்கத்துலதானே இருந்தேன்."

அலுமாரியைத் திறந்து கந்தோர்ப் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன். பதினொரு பக்கத்திலும் அவளுடைய பெருவிரல் நீலமாக இருந்தது.

"பாருங்க! விழுந்தீக்கிதானே? நல்லா விழுந்தீக்கி!"

அவள் தாளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"இங்க இருக்கு. அங்க இல்ல" என்றாள். "அப்ப கொழும்பு போறதுக்குள்ள அழிஞ்சிருச்சு. அவ்வளவு தூரத்துக்குத் தாங்கல."

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். வீட்டைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"அழுவாதீங்கம்மா. அந்த மைய எடுங்க. இந்த வாட்டி நல்லா அழுத்தி வச்சுத் தாறேன். நீங்க இன்னொருக்கா அனுப்புங்க."

சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினாள். இனி எந்தத் தாளிலும் அது செல்லாது. பஹீம் சேர் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை அந்தக் கை மேசை மேல்தான் இருந்தது.