திருடன் எட்டிப் பார்க்காத வீடு

திருட்டு நடந்தது எதிர்வீட்டில். வயிறு எரிந்தது வேல்விழிக்கு.

சின்னமனூரில் வீட்டுக்காரர் ராக்கையாவின் காம்பவுண்டுக்குள் எதிரெதிரே இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் வேல்விழி, இன்னொன்றில் நதியா. சித்திரைத் திருவிழாவுக்காக நதியா வீரபாண்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தேரன்று வேல்விழியும் தன் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், நதியா வீட்டு நிலை பிளந்து, கதவு இரண்டாகக் கிடந்தது. பீரோவில் இருந்த தங்க வளையல்கள் போய்விட்டன.

வேல்விழி வீட்டுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. இவளிடம் என்ன இருக்கப்போகிறது என்று அந்தத் திருட்டுப்பயல்கூட எடைபோட்டுவிட்டானே! சேதி கேட்டு ஓடிவந்த நதியாவுக்குத் தெருவே திரண்டு வந்து ஆறுதல் சொன்னது. அத்தனை வளையல் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் இவளுக்குத் தெரிந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் ராக்கையா ஆசாரியைக் கூட்டிவந்து, எதிர்வீட்டுக்குத் தேக்குக் கதவுக்கு அளவெடுக்கச் சொன்னார். கரையான் அரித்த தன் கதவை மாற்றித் தரும்படி வேல்விழி எத்தனை தடவை வாய் வலிக்கக் கேட்டிருப்பாள்! ஆற்றாமையோடு முற்றத்துக்கு வந்தாள்.

"கதவுக்கு நதியா காசு தரலயா அய்யா?"

"கள்ளன் ஒடச்சதுக்குக் குடியிருக்கவுக என்ன தாயி செய்வாக? அது என் பொறுப்பு. வீட்டை அசட்டையாப் போட்டுட்டுப் போயிருந்தாத்தேன் அவுக தலையில விழும்."

அது போதுமே.

"அசட்டைதேன் அய்யா. திருவிழா பூராவும் வாசல்ல லைட்டே எரியல. விளக்கு வைக்கிற நேரத்துல வீடு இருட்டடைஞ்சு கெடந்தா, ஆளில்லன்னு எவனுக்கும் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும், அவர்கள் பொழுது சாய விளக்கைப் போட்டுவிடுவதும் அந்தத் தெரு வழக்கம். நதியாவும் சொல்லிவிட்டுத்தான் போனாள், இவளிடமே. பட்டுச்சேலை சரசரக்கக் காரில் ஏறியவளைப் பார்த்ததும், 'இவளுக்கு நான் வேலைக்காரியா?' என்று ஒருநாள்கூட அந்த வாசல் சுவிட்சைத் தொடவில்லை இவள்.

ராக்கையா நதியாவைக் கூப்பிட்டார். "என்னத்தா, லைட்டுப் போட யார்ட்டயும் சொல்லலயா?"

நதியா வேல்விழியைப் பார்த்தாள்.

"அவசரத்துல மறந்துட்டேன் அய்யா. என் தப்புதேன். கதவுக்கு நானே குடுத்துர்றேன்."

பிழைத்தோம் என்று வேல்விழி மூச்சு விட்டாள். நதியா தலையில் செலவும் விழுந்தது. கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் ராக்கையா உருகிப்போனார். "நகையையும் பறிகொடுத்துட்டு, தப்பையும் ஒத்துக்கிடுறியே! யாருக்குத்தா இந்த மனசு வரும்? நீ ஒண்ணும் தர வேணாம். உன்னைய மாதிரி ஒருத்தி எனக்கு மகளாப் பொறக்கலயே!"

ஆசாரியும் தலையை ஆட்டினார். வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேல்விழிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தேக்குக் கதவு அவளுக்கு. சரி. இந்த நல்ல பேருமா அவளுக்கு?

"பொய் சொல்லுறா அய்யா!" என்று கத்தினாள். "என்கிட்ட சொல்லிட்டுத்தேன் போனா. நான்தேன் லைட்டுப் போடல!"