மெத்தென்ற கட்டில்

எதையும் உட்கார்ந்து பார்த்துத்தான் நம்புவார் என் வீட்டுக்காரர். சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை போடும் கடை எங்களுடையது. அவர் ஸ்பாஞ்சு வெட்டுவார், நான் உறை தைப்பேன். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் எம்பி எம்பி உட்கார்ந்து, உள்ளே என்ன சரக்கு என்று சொல்லாமல் தண்ணீர்கூட வாங்கமாட்டார். எனக்கு மானம் போகும். ஆனால் அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

குனிந்து வேலை பார்த்தே இடுப்பெலும்பு நடுவே டிஸ்க் பிதுங்கி, கால்வலி உயிரை வாங்கியதால் முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலை டாக்டர் கால்விரலை ஆட்டச் சொன்னார். ஜோராக ஆட்டினார். வலியும் இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மதியம் கட்டிலோரம் உட்காரவைத்தோம். அவர் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்.

“அடியே, இது என்ன ஸ்பாஞ்சு? உட்கார்ந்ததே தெரியல! உறையைப் பிரிச்சு எந்தக் கம்பெனின்னு பாரேன்.”

“வந்த இடத்துலயும் கடையை விரிச்சாச்சா?” என்றேன்.

ஆனால் எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். ஜிப்பை விலக்கிக் கையை விட்டேன். சப்பிப்போன பழைய ஸ்பாஞ்சு. அழுத்தினால் கட்டிலின் இரும்புத் தகடு கையில் இடித்தது.

“ஏங்க, கல்லு மாதிரி இருக்கு.”

“உனக்குத் தைக்கத்தான் தெரியும், உட்காரத் தெரியாது.”

சண்டைக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். சரக்கு விஷயத்தில் தப்பாத மனுஷன் இன்றைக்கு ஏன் தப்புகிறார்? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் கையை விட்டு நறுக்கென்று கிள்ளினேன். அவர் பாட்டுக்குப் பேசினார். மறுபக்கமும் கிள்ளினேன். வீட்டில் என்றால் தெருவையே கூட்டியிருப்பார்.

நர்ஸிடம் மெத்தைக் கதையைச் சொன்னபோது சிரித்தாள். கிள்ளியதைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. அவரைக் கண்ணை மூடச் சொல்லி ஊசிமுனையால் பின்பக்கம் அங்கங்கே குத்திப் பார்த்தாள்.

“எப்பம்மா ஆரம்பிக்கப்போற?” என்றார் அவர்.

அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “ஆபரேஷன் பண்ண இடத்துல ரத்தம் கட்டி நரம்பை நெரிக்குது. உட்கார்ற இடத்துக்கும் சிறுநீருக்கும் அதே நரம்புதான். விரல் ஆடுதேன்னு நான் ஏமாந்துட்டேன். குழாய் போட்டிருந்ததால சிறுநீர் அடைச்சதும் தெரியல. உடனே திறந்து எடுக்கணும்.”

“எடுத்தா சரியாயிடுமா?”

“சொல்ல முடியாதும்மா. சரியாகலேன்னா காலம் பூரா குழாயோடதான் இருக்கணும்.”

மறுபடி வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலையே இல்லை. உணர்ச்சி எங்கே முடிகிறது, மரத்தது எங்கே தொடங்குகிறது என்று தினமும் தடவிப் பார்ப்பார். தையல் சாக்கட்டியால் நான் அங்கே கோடு போடவேண்டும்.

“நேத்தைவிட கோடு உள்ள வந்திருக்கு பாரு, மரத்தது சுருங்குது,” என்பார், யாருடைய உடம்பையோ பார்ப்பதுபோல. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

குழாயை எடுத்த அன்று கழிவறைக்குள் போனார். நானும் நர்ஸும் வெளியே நின்றோம். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு வந்தது.

“வந்துடுச்சு!” என்று நர்ஸின் கையைப் பிடித்தேன்.

“மூத்திரப்பை நிரம்பித் தானா வழிஞ்சாலும் வரும்மா. வர்றது அவருக்குத் தெரியுதான்னு கேளுங்க.”

கேட்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

“ஏங்க, என்ன ஆச்சு?” என்று கதவைத் தட்டினேன்.

“சும்மா இருடி! நான் சொன்னா நிக்குது, நான் சொன்னா வருது. இன்னொரு தடவை பார்த்துட்டு வரேன்.”

நான் அந்தக் கதவிலேயே சாய்ந்து அழுதேன்.