மாடு நடந்த தரை

இந்துமதி மேடம் அகழாய்வுக் குழிக்குள் குப்புறப் படுத்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிற அம்மாள். தலைமுடி, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் சாம்பல். குழிக்கு மேலே மண்கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பாவம், மேடத்துக்குத் தூக்கம் வந்துடுச்சு. பாய் ஒண்ணு கொண்டாரவா?" என்றாள் ரங்கக்கா. சௌடம்மா சிரிக்கவில்லை. முந்தின நாள் அந்தத் தரையைத் தூரிகையால் கூட்டிச் சுத்தம் செய்தவள் அவள்தான். எதையாவது கெடுத்துத் தொலைத்துவிட்டோமோ என்று குழியை எட்டி எட்டிப் பார்த்தாள்.

மேடம் தலையைத் தூக்காமலே சொன்னார். "செருப்பக் கழட்டிட்டு ஒவ்வொருத்தரா எறங்குங்க. மெதுவா. நான் படுத்திருக்கிற மாதிரியே படுத்துப் பாருங்க."

சௌடம்மா படுத்துப் பார்த்தாள். நின்று பார்த்தபோது வெறும் மேடுபள்ளமாக இருந்த தரையில், காலை வெயில் சாய்ந்து விழுந்து, பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கொடுத்திருந்தது. இரண்டாகப் பிளந்த குளம்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று. பெரியது, சிறியது, ஒன்றின்மேல் ஒன்று மிதித்தது என்று தரை முழுக்கக் குளம்படி. எல்லாம் வடக்கே பார்த்துப் போயிருந்தன. மாடுகள் இப்போதுதான் பட்டியை விட்டுக் கிளம்பிப்போன மாதிரி இருந்தது. ஒரு விநாடி அவளுக்குச் சாணி வாசனைகூட அடித்தது. அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "கன்னுக்குட்டியும் இருக்கு."

குழி தோண்டியிருந்த அந்தச் சாம்பல் மேட்டைப் பற்றி மந்தலபள்ளிக்காரர்களுக்குப் பெருமைப்பட ஒன்றும் இருந்ததில்லை. பீமன் ஓர் அரக்கனை எரித்த இடம் என்று பக்கத்து ஊரான பெத்தூரில் சொல்வார்கள். அரக்கனின் சாம்பலுக்குப் பக்கத்தில் மாடு மேய்ப்பவர்களைத் தவிர வேறு யார் குடியிருப்பார்கள்? சந்தையில் தயிர் விற்கப் போனால், "ஏ சாம்பல்காரி, தயிர்ல சாம்பல் கலந்திருக்கா?" என்பார்கள். சௌடம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அவளுடைய அக்காவே, "போயும் போயும் பேய்ச் சாம்பலுக்கா குடுத்தாங்க" என்று அழுதாள். சௌடம்மாவும் கொஞ்சம் அழத்தான் செய்தாள்.

மேடம் எழுந்து உட்கார்ந்து, கூடி நின்றவர்களுக்கு விளக்கினார். "இது அரக்கனும் இல்ல, கிரக்கனும் இல்ல. மாட்டுச் சாணி. இங்க பட்டி போட்டிருந்தவங்க சாணியைக் குவிச்சு எரிச்சிருக்காங்க. தலைமுறை தலைமுறையா எரிச்சு எரிச்சுத்தான் இந்த மேடு எழும்பியிருக்கு. நாலாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். பெத்தூரும் இல்ல, கோட்டையும் இல்ல, கோயிலும் இல்ல, அப்ப. இந்தப் பக்கத்துல மொதல்ல குடியிருந்தது மாடு வச்சிருந்தவங்கதான்."

"எங்க ஆளுங்களா?" என்று கேட்டாள் சௌடம்மா.

"உங்க ரத்தமான்னு கேட்டா எனக்குத் தெரியாது, சௌடம்மா. தெரியாததைச் சொல்ல மாட்டேன். உங்க வேலையைச் செஞ்சவங்க. அதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்."

சௌடம்மாவுக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மீதிப் பாதியையும் அவளே சேர்த்துக்கொண்டாள். சாயங்காலம் களி கிண்டும்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். மறுநாள் ஊரே வந்து, வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்துவிட்டுப் போனது. அந்தத் தரையைக் காக்கிற பொறுப்பை மேடம் அவளுக்கே கொடுத்தார். காய்ந்த தரை அப்பளம் மாதிரி. அழுத்தி மிதித்தால் நொறுங்கிவிடும். காலையில் ஈரச்சாக்கை விலக்குவதும் மாலையில் போர்த்துவதும் அவள் வேலை. பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் அவ்வளவு பக்குவமாகப் போர்த்திவிட்டதில்லை என்று ரங்கக்கா கேலி செய்தாள்.

சிக்கல் வடக்குப் பக்கம் இருந்தது. குளம்படிகள் குழியின் வடக்குச் சுவருக்கு அடியில் புகுந்து காணாமல் போயின. அந்தச் சுவருக்கு அப்பால் பெத்தூர் ஓபுள் ரெட்டியின் நிலம். மேட்டில் பாதியும் அவர் பட்டாவில்தான் இருந்தது. புது ரோட்டுக்குக் கொட்ட அந்தச் சாம்பலை அள்ளித் தருவதாக அவர் யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பேச்சு. அங்கேயும் தோண்ட அனுமதி கேட்டு மேடம் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். கடைசியில், "வந்து பாக்கிறேன். அப்புறம் சொல்றேன்" என்றாராம் ரெட்டி. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் தோண்டுவது அதோடு நின்றுவிடும், பின்னாலேயே டிராக்டர்கள் வரும். இது கூடை தூக்கும் கடைசிப் பெண் வரைக்கும் தெரியும்.

"அந்த ஆளு வர்றன்னிக்கு நீ வாயைத் தொறக்காத" என்றான் சௌடம்மாவின் புருஷன் கோவிந்து. "அறுப்பு முடிஞ்சா நம்ம மாடு அவரு நெலத்துலதான் மேயணும். அதை நெனப்புல வச்சுக்க."

"நான் எதுக்குப் பேசப் போறேன்? நான் சாக்கு போர்த்துறவ" என்றாள் அவள்.

ஓபுள் ரெட்டி வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். அவர் காலில் எப்போதும் கிர்ரென்று சத்தம் போடும் கனத்த தோல் செருப்பு. அந்தச் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். பெத்தூரில் அவர் வீட்டைத் தாண்டும்போது மந்தலபள்ளிக்காரர்கள் தங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். இப்போது யாரும் அப்படிச் செய் என்று சொல்வதில்லை. ஆனாலும் யாரும் விட்டபாடில்லை. சௌடம்மாவும் எடுத்துக்கொள்வாள். அவர் வீட்டு வேப்பமரம் கண்ணில் பட்டதும் அவள் கால் தானாகக் கழற்றிவிடும்.

அன்றைக்கு ஜீப் மேட்டடியில் நின்றது. கிர்... கிர்... என்று சத்தம் ஏறி வந்தது. எழுபதைத் தாண்டிய ஆள், இன்னும் முதுகு வளையவில்லை. பின்னால் டிரைவர் மத்திலேட்டி குடை பிடித்து வந்தான். மேடம் வணக்கம் சொல்லி, பேசிக்கொண்டே அழைத்து வந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, குழிக்குள் இறங்கும் மண்படி வரைக்கும். அங்கே குழிவேலைக்காரர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ரெட்டி அவற்றைத் தாண்டி முதல் படியில் கால் வைக்கப் போனார்.

மேடம் அந்தக் காலைப் பார்த்தார். ரெட்டியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழ்ப்படியில் நின்ற சௌடம்மாவிடம் குனிந்து, மெதுவாக, "இருக்கட்டும், சௌடம்மா. ஓரமா நடந்துக்குவார்" என்றார்.

அந்தத் தரையில் ஓரம் என்று எங்கே இருந்தது? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மாடு நடந்திருந்தது. மேடத்தின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், அந்த அம்மாள் ஒரு குழியைக் கொடுத்து மேட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் சௌடம்மாவின் கண் அந்தக் கனத்த செருப்பின் அடியை விட்டு நகரவில்லை. படிக்கு நேர்கீழே கிடந்தது அந்தக் கன்றுக்குட்டியின் குளம்படி, ஒரு வெற்றிலையளவு. கோவிந்து சொன்னது நினைவில் இருந்தது. அறுப்பு முடிந்த நிலம், மேய்ச்சல், வயிற்றுப்பாடு, எல்லாம் நினைவில் இருந்தது. அப்படியும் அவள் படியை விட்டு விலகவில்லை.

"சாமி, செருப்பக் கழட்டிட்டு எறங்கணும்."

மண்வெட்டிச் சத்தம் நின்றது. மத்திலேட்டி குடையோடு முன்னால் வந்தான். "ஏய், யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது. அதான் சாமின்னு சொன்னேன்."

ரெட்டி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "யாரு வீட்டுப் பிள்ளே நீ?"

"மந்தலபள்ளி, சாமி. கதிரப்பா மருமக."

"கதிரப்பாவா?" அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "என் வாசலத் தாண்டுறப்போ செருப்பத் தலையில வச்சுக்கிட்டுப் போவானே, அவனா?"

யாரோ மேலே இருமினார்கள். சௌடம்மாவின் காதுமடல் சுட்டது. செத்துப்போன மாமனார், வாய் திறந்து அதிர்ந்து பேசாத மனுஷர், ஒரு கையால் தலைமேல் செருப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தது அவள் கண்முன் வந்தது. வெட்கம்தான் வரப்போகிறது என்று நினைத்தாள். வரவில்லை. காலடியில் கிடந்த தரைதான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது போல அவள் முதுகு நிமிர்ந்தது.

"ஆமா சாமி, அவருதான். உங்க வாசல்ல நாங்க கழட்டுறோம். இது எங்க பட்டி."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ரெட்டி அவளையே பார்த்தபடி நின்றார். அவர் தாடை இறுகுவதும் தளர்வதும் கீழே நின்றவளுக்குத் தெரிந்தது. அவள் தலையைக் குனியவில்லை; முறைக்கவுமில்லை. வாசலில் நிற்கிற வீட்டுக்காரி, வந்தவர் உள்ளே வருவதற்குக் காத்திருப்பதுபோல நின்றாள். பிறகு அவர் ஒரு காலால் மறுகாலை அழுத்தி ஒரு செருப்பை விட்டார். மத்திலேட்டி பதறிக் குனிந்தான். "தள்றா" என்று சொல்லிவிட்டு மற்றதையும் தானே விட்டார்.

வெறுங்காலோடு நின்றபோது ஆள் கொஞ்சம் குள்ளமாகிவிட்டார். படி செங்குத்தானது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். சௌடம்மா தோளைக் கொடுத்தாள்.

கீழே வந்ததும் அவள் பயமெல்லாம் மறந்துபோய்க் காட்டத் தொடங்கினாள். "இது பெரிய பசு, சாமி. இது கன்னு. தாயைத் தேடி ஓடியிருக்கு பாருங்க. மண்ணு எப்படிப் பின்னால தள்ளியிருக்கு!"

ரெட்டி முழங்காலில் கைவைத்துக் குனிந்தார். அப்புறம் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் ஒங்கோல் காளைகள் கட்டிப் பந்தயத்துக்கு ஓட்டிய ஆள். விரலை நீட்டி, தொடாமல், பள்ளத்தின் விளிம்பு வழியாகக் கொண்டுபோனார்.

"ஓடல, பிள்ளே. வழுக்கியிருக்கு. மழை பேஞ்சு பட்டி நசநசன்னு கெடந்திருக்கும். இந்தா, இங்க முன்னங்கால் போயிடுச்சு. இங்க எந்திரிச்சிருக்கு."

சௌடம்மாவுக்குச் சுருக்கென்றது. எத்தனை நாளாகப் பார்க்கிறாள், இது தோன்றவில்லையே! ஆனால் மறுநொடி, விழுந்து எழுந்த அந்தக் கன்றுக்குட்டி இன்னும் அதிகமாக அவளுடையதாகிவிட்டது. "ஆமா சாமி," என்றாள், சிரித்துக்கொண்டே. "எங்க வீட்டுக் கன்னும் இப்படித்தான். மழை வந்தா கால் நிக்காது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வடக்குச் சுவர் வரைக்கும், குளம்படிகளுக்கு நடுவில் இடம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கொக்கு நடப்பதுபோல நடந்தார். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலேறி வந்தபோது இரண்டு காலும் கணுக்கால் வரை சாம்பல். அந்தக் காலோடு செருப்பை மாட்ட அவருக்கு மனசில்லை. வெறுங்காலோடு ஜீப்பை நோக்கி நடந்தார். மத்திலேட்டி ஒரு கையில் குடையும் மறுகையில் செருப்புமாகப் பின்னால் போனான். கூடைப் பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ரங்கக்கா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மேடம் ஜீப் வரைக்கும் ஓடினார். "அப்ப, வடக்குப் பக்கம்..."

"கடலை போட்டிருக்கேன்ல" என்றார் ரெட்டி, ஏறி உட்கார்ந்தபடி. "அதைப் பிடுங்கி முடிக்கட்டும் மொதல்ல." ஜீப் போய்விட்டது.

"அப்படின்னா சரின்னு அர்த்தமா, இல்ல வேணாம்னு அர்த்தமா?" என்று பெண்கள் மேடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மேடத்துக்கும் தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்றும் தெரியவில்லை போலிருந்தது.

சௌடம்மா குழிக்குள் இறங்கினாள். ஈரச்சாக்கை எடுத்து, கன்று விழுந்த இடத்திலிருந்து தொடங்கி, அங்குலம் அங்குலமாகப் போர்த்திக்கொண்டே வடக்குச் சுவருக்கு வந்தாள். கடைசிக் குளம்படியில் பாதி வெளியே இருந்தது, பாதி மண்ணுக்குள் போயிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். சுவரின் விளிம்பில் ரெட்டியின் கடலைச்செடிகள் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, இலைக்கு இலை சின்னச் சின்ன மஞ்சள் பூவோடு.